எண்ணில்லா மன்னர்கள்

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டு, தமிழ்நாட்டில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட கல்வெட்டுகளில் ஒன்று. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் யார் யார் என்று சொல்லும் கல்வெட்டு அது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு ரவிதாசன் என்ற பெயர் மறந்திருக்காது. அந்தப் பெயர் இந்தச் சுவரிலிருந்துதான் நாவலுக்குப் போனது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய ஆணை அது: துரோகிகளும் அவர்களுடைய உறவினர்களும் வைத்திருந்த நிலங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும்.

ஆணையிட்ட அரசன் யார்? கல்வெட்டு ‘கோராஜகேசரிவர்மர்க்கு யாண்டு இரண்டாவது’ என்று தொடங்குகிறது. அவ்வளவுதான். ரவிதாசனுக்குப் பெயர் இருக்கிறது, அவனுடைய ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’ என்ற பட்டமும் இருக்கிறது. அரசனுக்கு மட்டும் பெயர் இல்லை. அன்று அந்த ஊரில் இதைப் படித்தவர்களுக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. ஆளும் ராஜகேசரி யார் என்பது ஊருக்கே தெரியும்.

நமக்குத் தெரியாது. ஆகவே கழித்துக்கட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தை ஒட்டி ராஜகேசரி என்ற பட்டம் தரித்தவர்கள் முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், ராஜராஜன். கொலையுண்டவன் ‘பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழன்’ என்று குறிக்கப்படுகிறான். அவன் சுந்தர சோழனின் மூத்த மகன். எனவே முதல் இருவரும் கணக்கில் வரமாட்டார்கள். சுந்தர சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டு 958 வாக்கில் விழும். மகன் இன்னும் பாண்டியன் தலையைக் கொள்ளவே இல்லை. மிஞ்சுவது 985இல் பட்டமேறிய ராஜராஜன். கொலைக்கும் இந்தத் தண்டனைக்கும் நடுவில் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் ஓடிவிட்டது. அதை வைத்து உத்தமனைச் சந்தேகித்தவர்கள் உண்டு, அவனுக்காக வாதாடியவர்களும் உண்டு. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் தொடங்கிய இந்த வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. அதன் காலக்கணக்கு முழுவதும் பெயரே இல்லாத ஒரு பட்டத்தின் மேல் நிற்கிறது என்பதை வழக்காடுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது வேறு விதம். முதலாம் ராஜராஜன், இரண்டாம் குலோத்துங்கன், மூன்றாம் ராஜேந்திரன் என்று வரிசையாக, எண்ணோடு. அந்த எண் அரசர்களின் கிரீடத்திலேயே பதித்து வந்தது போல ஒரு மயக்கம் நமக்கு. சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால் எந்த அரசனும் தன்னை முதலாம் என்றோ இரண்டாம் என்றோ அழைத்துக்கொள்வதைப் பார்க்க முடியாது. முதலாமவனுக்கு அது சாத்தியமும் இல்லை. இரண்டாவது ஆள் வரும்வரை யாரும் முதலாமவன் ஆவதில்லை. எண் என்பது பின்னால் வந்தவர்கள் போட்டது. அதைப் போட்டவர்கள் எப்போதும் எதையாவது தீர்ப்புச் சொல்லித்தான் போட்டிருக்கிறார்கள்.

எண் இல்லாமல் சோழர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அவர்களுக்கு இரண்டே பட்டங்கள்: ராஜகேசரி, பரகேசரி. அரசர்களுக்குள் சிங்கம் ஒன்று, பகைவருக்குச் சிங்கம் மற்றொன்று. விஜயாலயன் பரகேசரி, மகன் ஆதித்தன் ராஜகேசரி, பேரன் பராந்தகன் பரகேசரி. இப்படி மாறி மாறி வரும். தாத்தாவின் பட்டம் பேரனுக்கு. நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுகிறோமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. பேரன் என்ற சொல்லிலேயே பெயர் இருக்கிறது.

இந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. பட்டம் ஆளுக்கு உரியதல்ல, வரிசையில் அவன் நிற்கும் இடத்துக்கு உரியது. வரிசை பிசகிய இரண்டு இடங்களில் அது பளிச்சென்று தெரிகிறது. ஆதித்த கரிகாலன் பரகேசரி. அவனுக்குப் பின் வந்த உத்தம சோழனும் பரகேசரியே. நூறு ஆண்டுகூட ஆகவில்லை, அதே கதை மறுபடி நடக்கிறது. இரண்டாம் ராஜேந்திரன் தன் மகன் ராஜமகேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டுகிறான், அவன் ராஜகேசரி. தந்தைக்குப் பின் அரியணை ஏற அவன் இல்லை. அடுத்து வந்த வீரராஜேந்திரனும் ராஜகேசரி. இரண்டு இடத்திலும் முடிசூடிய இளவரசன் தனியாட்சி செய்யாமலே போகிறான், அவன் காலிசெய்த இடத்தில் அடுத்தவன் அதே பட்டத்தோடு உட்காருகிறான். இறந்துபோன இளவரசன் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் நீக்கப்படுகிறான். ஆதித்த கரிகாலனின் கொலையைவிட இந்தக் கணக்குத்தான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

பட்டம் அரண்மனையோடு நின்றுவிடவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். அது ராஜகேசரி என்னும் மரக்காலுக்குச் சமம் என்று கல்வெட்டே விளக்குகிறது. கோயிலுக்கு நெல் அளந்த குடியானவன் தினமும் அரசனின் பட்டத்தைக் கையில் தூக்கி, நிரப்பி, தலைதட்டி, கொட்டியிருக்கிறான். ஜயங்கொண்ட சோழன் என்பது ராஜராஜனின் விருதுப்பெயர்களில் ஒன்று. இன்று ஜெயங்கொண்டம் என்று பேருந்துப் பலகையில் ஓடுகிறது.

இப்படி மாற்றி மாற்றிப் பட்டம் சூடியது சோழர்கள் மட்டும் அல்ல. பாண்டியர்களிடம் மாறவர்மன், சடையவர்மன். வேங்கிச் சாளுக்கியர்களிடம் விஷ்ணுவர்த்தனன், விஜயாதித்தன். ஈழத்துச் சிங்கள அரசர்களிடம் சிறிசங்கபோ, அபய சலாமேவன். பொலன்னறுவையில் உள்ள வேளைக்காரர் தமிழ்க் கல்வெட்டில் விஜயபாகு, சங்கபோதிவர்மனாகத்தான் வருகிறான். வங்காள விரிகுடாவைச் சுற்றிலும் அரச குடும்பங்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

இன்று உயிரோடு இருக்கும் முடியரசுகளில் இதற்கு நெருங்கிய உறவினர் டென்மார்க். 1513 முதல் அங்கே கிறிஸ்டியன், ஃபிரெடெரிக் என்ற இரண்டு பெயர்களே மாறி மாறி வந்தன. 1972இல் ஒன்பதாம் ஃபிரெடெரிக்குக்கு மகன் இல்லாததால் மகள் மார்கரெத்தே அரியணை ஏறினார். கிறிஸ்டியனின் இடத்தை அவர் நிரப்பினார். 2024 ஜனவரியில் அவர் விலக, வந்தவர் பத்தாம் ஃபிரெடெரிக். அவருடைய மூத்த மகனின் பெயரைச் சொல்லவே வேண்டாம், கிறிஸ்டியன்தான். ஒரே வேறுபாடு, டேனியர்கள் எண்ணும் போடுகிறார்கள். மார்கரெத்தே தன்னை ‘இரண்டாம்’ என்று சொல்லிக்கொண்டபோது, 1412இல் இறந்த ஒரு மார்கரெத்தேயை, மகன் பெயராலும் வளர்ப்பு வாரிசின் பெயராலும் நாட்டை ஆண்ட ஒரு பெண்ணை, முழு அரசியாக அங்கீகரித்தார். 560 ஆண்டுகள் கழித்து ஓர் எண்ணால் நடந்த பட்டாபிஷேகம் அது.

பட்டத்தை மட்டும் சொன்னால் போதாது. ஐந்து பரகேசரிகள் இருந்தால் எந்தப் பரகேசரி? உயிரோடு இருக்கும் அரசனுக்கு வெற்றி உதவியது. பராந்தகன் ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ ஆனான், பிறகு ‘மதிரையும் ஈழமும் கொண்ட’ என்று நீண்டான். ராஜராஜன் காந்தளூர்ச் சாலையைச் சேர்த்துக்கொண்டான், மெய்க்கீர்த்தி என்ற நீண்ட முன்னுரையையே ஏற்படுத்திக்கொண்டான். கல்வெட்டாய்வாளருக்கு மெய்க்கீர்த்தியின் முதல் இரண்டு சொற்கள் போதும்; கல் அங்கே உடைந்து போயிருந்தாலும் அரசன் யார் என்று சொல்லிவிடுவார்.

இறந்துபோன அரசனைக் குறிக்க வேண்டியபோது தமிழர்கள் செய்தது, நான் படித்தவரையில் உலகில் அதிகம் பேர் செய்யாதது. அவன் எங்கே இறந்தான் என்பதை அவன் பெயராக்கினார்கள்.

மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. அங்கே பாட்டனைக் குறிக்கும் சொல் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’. சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. முதலாம் ஆதித்தன் ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’. கண்டராதித்தன் விஷயம் கொஞ்சம் புதிர்: அவன் ‘மேற்கெழுந்தருளின தேவர்’. மேற்கே போனான் என்கிறது கல்வெட்டு. போனவன் எங்கே, ஏன் போனான் என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கம்பீரமானது ராஜாதிராஜனுடையது. 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானைமேல் இருந்தபடியே சாளுக்கியப் படையால் கொல்லப்பட்டான். தம்பி அங்கேயே முடிசூடிப் போரை வென்றான். அண்ணன் அதற்குப் பின் ‘ஆனைமேல் துஞ்சின உடையார்’. துஞ்சுதல் என்றால் தூங்குதல். அம்பு தைத்துச் செத்தான் என்று எழுதவில்லை, யானைமேல் கண்ணயர்ந்தான் என்று எழுதினார்கள்.

இந்தப் பழக்கம் சோழர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் பாடல்களுக்கு அடியில் உள்ள குறிப்புகளைப் பார்த்தால் போதும். நன்மாறன் என்று இரண்டு பாண்டியர்கள்: ஒருவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சியவன், இன்னொருவன் சித்திரமாடத்துத் துஞ்சியவன். கிள்ளிவளவன்களில் ஒருவன் குளமுற்றத்தில், மற்றவன் குராப்பள்ளியில். இருவரும் ஒருவரே என்று சொல்பவர்களும் உண்டு. வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி. சேரர்களிலும் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மூவேந்தர்களும் இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். நெடுஞ்செழியன்களை மட்டும் சாவை விட்டுப் போரால் பிரித்தார்கள்: ஒருவன் ஆரியப்படை கடந்தவன், இன்னொருவன் தலையாலங்கானத்துச் செருவென்றவன். இந்தக் குறிப்புகளும் பாடிய புலவர் எழுதியவை அல்ல, தொகுத்தவர்கள் சேர்த்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கேயும் அடையாளம் பின்னால் வந்த கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கை எண்ணை எழுதாமல் இடத்தை எழுதியது.

சேர நாடு இருந்த பக்கத்தில், நம் தாத்தாக்கள் காலம்வரை இதைப் போன்ற ஒன்று நடந்திருக்கிறது. கொச்சி அரச குடும்பத்தில் ராம வர்மா, கேரள வர்மா, ரவி வர்மா என்று சில பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். 1914இல் பட்டம் துறந்த ராம வர்மாவை மக்கள் ‘ஒழிஞ்ஞ வலிய தம்புரான்’ என்றார்கள், அதாவது விலகிய பெரிய தம்புரான். அவருக்குப் பின் 1932 வரை ஆண்ட ராம வர்மா சென்னையில் காலமானார். அவர் ‘மதராசில் தீப்பெட்ட தம்புரான்’. கொச்சி அரசர்கள் இறந்தார்கள் என்று சொல்வதில்லை, தீப்பெட்டார்கள் என்பார்கள். புறநானூற்றுப் பழக்கம் அறுபடாமல் இதுவரை வந்து சேர்ந்தது என்று நிறுவ என்னிடம் சான்று இல்லை, நிறுவவும் நான் முயலவில்லை. ஆனால் ‘வெள்ளியம்பலத்துத் துஞ்சிய’ என்பதையும் ‘மதராசில் தீப்பெட்ட’ என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு சிலிர்ப்பு ஏற்படத்தான் செய்கிறது.

பக்கத்துத் திருவிதாங்கூர் நேர் எதிர். அங்கே அரசனை அடையாளம் காட்டியது பிறந்த நட்சத்திரம். சுவாதித் திருநாள், ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள், கடைசியாகச் சித்திரைத் திருநாள். எல்லோரும் ஏதோ ஒரு ராம வர்மாதான், ஆனால் அந்தப் பெயர் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. முன்பு அந்த ஆட்சிப் பகுதியில் இருந்த நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்களிடம் பாலராம வர்மா என்று கேட்டால் யோசிப்பார்கள், சித்திரைத் திருநாள் என்றால் உடனே தலையசைப்பார்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். ஐரோப்பாவில்தான் அது அரசர்களின் உடைமையாயிற்று. உடைமை என்றாலே வழக்கும் உண்டு.

1952 நவம்பரில் எடின்பரோவின் இஞ்ச் குடியிருப்பில் புதிதாக ஒரு சிவப்புத் தபால்பெட்டி வைத்தார்கள். அதன் நெற்றியில் புதிய அரசியின் முத்திரை: எலிசபெத்தின் முதலெழுத்தோடு ரோமன் எண் இரண்டு. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அந்த எண்தான் உறுத்தியது. முதலாம் எலிசபெத் இங்கிலாந்தை மட்டுமே ஆண்டவர், ஸ்காட்லாந்துக்கு அவர் அரசியாக இருந்ததே இல்லை. முதலாமவரே இல்லாத நாட்டில் இரண்டாமவர் எங்கிருந்து வந்தார்? பெட்டியின் மேல் தார் பூசினார்கள், சுத்தியலால் அடித்தார்கள். 1953 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தே விட்டார்கள். அதே ஆண்டு ஜான் மெக்கார்மிக் என்பவர் எண்ணை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றார். ஆனால் அரசாங்கம் பாடம் கற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்தில் அதன்பின் வைத்த தபால்பெட்டிகளில் எண் இல்லை, ஸ்காட்டியக் கிரீடம் மட்டும். பிரதமர் சர்ச்சில் ஒரு சமரசம் சொன்னார்: இனிமேல் இரண்டு நாட்டு வரிசைகளில் எது பெரிய எண்ணோ அதை எடுத்துக்கொள்ளலாம். 1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கு முதலாம் ஜேம்ஸ் ஆனபோது இரண்டு எண்ணையும் சேர்த்தே சுமந்தார். அப்போது யாரும் வெடி வைக்கவில்லை.

இங்கிலாந்தின் சொந்தக் கணக்கும் அவ்வளவு சுத்தமில்லை. முதலாம் எட்வர்டுக்கு முன்பே அந்நாட்டில் மூன்று எட்வர்டுகள் அரசாண்டிருக்கிறார்கள். அவர்கள் ஆங்கிலோ-சாக்சன்கள், 1066இல் நார்மன்கள் வென்ற பிறகு எண்ணிக்கை புதிதாகத் தொடங்கியது. தோற்றவர்களின் அரசர்கள் எண்ணில் சேரவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு நேர்மாறு. ஆளாதவரை எண்ணில் சேர்த்தார்கள். 1793 ஜனவரியில் பதினாறாம் லூயியின் தலை உருண்டது. அவருடைய மகன் சிறையில் கிடந்து 1795இல், 10 வயதில் இறந்தான். ஒரு நாள்கூட அரியணையில் அமராத சிறுவன். அவன் இறந்ததுமே அவனுடைய சிற்றப்பா தன்னைப் பதினெட்டாம் லூயி என்று அறிவித்துக்கொண்டார்; புரட்சியும் நெப்போலியனும் போய் 1814இல் பாரிசுக்குத் திரும்பியபோதும் அதே எண்ணோடுதான் வந்தார். நடுவில் ஓர் எண்ணைத் தாண்டியதன் மூலம், சிறையில் செத்த பையன்தான் பதினேழாம் லூயி என்றாயிற்று. இன்னும் ஒரு படி மேலே போய், 1814ஆம் ஆண்டின் அரசியல் சாசனத்தில் ‘நமது ஆட்சியின் 19ஆம் ஆண்டு’ என்று கையெழுத்திட்டார். குடியரசும் பேரரசும் நடக்கவே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். நெப்போலியன் குடும்பமும் இந்தத் தந்திரத்தைக் கற்றுக்கொண்டது. 1852இல் வந்த தம்பி மகன் தன்னை மூன்றாம் நெப்போலியன் என்றதால், 1815இல் சில நாள் பெயரளவில் பேரரசராக இருந்த குழந்தை இரண்டாம் நெப்போலியன் ஆனது.

ஆட்சியாண்டை முன்தேதியிட்டு எண்ணுவது நமக்குப் புதிதல்ல. ராஜேந்திரன் தன் ஆட்சியாண்டை 1012இலிருந்து எண்ணுகிறான். அப்பா ராஜராஜன் 1014வரை ஆண்டான். ஆனால் அங்கே மகனுக்கு உண்மையாகவே இளவரசுப் பட்டம் கட்டியிருந்தார்கள்.

வேடிக்கையில் ஸ்வீடனுக்கு ஈடு இல்லை. இன்றைய அரசர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். முதல் ஆறு கார்ல்கள் யார் என்று தேடினால் யாரும் இல்லை. உப்சாலாவின் கத்தோலிக்கப் பேராயர் யோஹன்னஸ் மாக்னஸ், நாடு புரோட்டஸ்டண்ட் ஆகிவிட்டதால் இத்தாலியில் அகதியாக இருந்தபடி தாய்நாட்டின் வரலாறு எழுதினார். அவர் இறந்தபின் 1554இல் ரோமில் அச்சான அந்த நூலில் நோவாவின் பேரப்பிள்ளைகள் காலத்திலிருந்து ஸ்வீடனுக்கு அரசர்கள் வரிசையாக இருந்தார்கள். அதன்பின் வந்த மன்னர்கள் அந்த வரிசையை நம்பித் தங்களுக்குப் பதினான்காம் எரிக், ஒன்பதாம் கார்ல் என்று எண் வைத்துக்கொண்டார்கள். புத்தகம் பொய் என்று பின்னால் தெரிந்தது. எண்ணை யாரும் திருத்தவில்லை. நம் ஊரில் ஸ்தல புராணத்தை நம்பிக் கோயிலுக்குக் காலம் சொல்வதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஸ்டாக்ஹோம் அரண்மனையையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் ராய்ஸ் குடும்பத்தைப் பற்றி ஒரு வாக்கியம்: ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர், ஆள்கிறவனா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் எண். அதில் 72ஆம் ஹைன்ரிக் 1848இல் முடி துறந்தார்.

நம் அரசர்களுக்கு எண் போட்டவர்கள் யார்? பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த கல்வெட்டாய்வாளர்கள். ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை வெளியிட்டார். ஐரோப்பிய வரலாற்றில் ஊறிய அவர்களுக்கு, ஒரே பெயரில் இருவர் வந்தால் எண் போடுவது கைப்பழக்கம். பெயரை நிறுவியாயிற்று, ஆண்டை நிறுவ வேண்டும். கல்வெட்டில் இருப்பது ஆட்சியாண்டு மட்டும். எந்த ஆண்டிலிருந்து எண்ணியது என்பது இல்லை. அங்கே கை கொடுத்தது பஞ்சாங்கம்.

பல கல்வெட்டுகளில், மிதுன ஞாயிற்றுப் பூர்வபட்சத்துப் பஞ்சமியும் திங்கட்கிழமையும் பெற்ற மகத்து நாள் என்பது போன்ற விவரம் வரும். மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஐந்தும் ஒரே நாளில் பொருந்துவது அபூர்வம். ஒரு குறிப்பிட்ட நூற்றாண்டுக்குள் அப்படிப் பொருந்தும் நாட்கள் சிலவே இருக்கும். ஒரே அரசனின் நாலைந்து கல்வெட்டுகளை இப்படிக் கணித்தால் எல்லாமே ஒரே தொடக்க ஆண்டைச் சுட்டும். கீல்ஹார்ன் இந்தக் கணக்கைத் தொடங்கினார். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அதற்காகவே பல நூற்றாண்டுகளுக்கான பஞ்சாங்க அட்டவணையை 1922இல் வெளியிட்டார். கல்வெட்டு எழுதியவன் பட்சத்தையோ திதியையோ தவறாக வெட்டியிருந்தால்? அங்கேதான் சண்டை. ஒருவர் திதியைத் திருத்திப் பழைய அரசனோடு சேர்ப்பார். இன்னொருவர் திருத்தாமல் புதிதாக ஓர் அரசனைக் கொண்டுவருவார். அதனால் பாண்டியர் பட்டியல் ஆய்வாளருக்கு ஆய்வாளர் நீண்டும் சுருங்கியும் வந்திருக்கிறது. கும்பகோணத்து ந. சேதுராமன் 1970களில் இந்தக் கணிதத்தை மறுபடி முழுவதும் போட்டுப் பார்த்தபோது பட்டியல் இன்னும் நீண்டது. வானத்துக் கோள்கள் ஒழுங்காகத்தான் சுற்றின. உளி பிடித்தவனின் கைதான் அங்கங்கே தவறியது.

எண்கள் குழப்பத்தைத் தீர்த்தனவா? பாண்டியர்களைப் பொறுத்தவரை கூட்டின என்றே சொல்வேன். 1216இல் பட்டமேறிச் சோழ நாட்டை வென்றவன் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன். 1251இல் பட்டமேறியவன் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன். இரண்டுமே ‘முதலாம்’! பட்டத்தை விட்டுவிட்டு ‘முதலாம் சுந்தர பாண்டியன்’ என்று விடை எழுதிய மாணவனைக் குறை சொல்லி என்ன பயன்? கல்வெட்டுகள் இவர்களைப் பிரிக்கத் தடுமாறவே இல்லை. ஒருவன் சோழ நாட்டைக் கொண்டு பிறகு திருப்பி வழங்கியவன். மற்றவன் கோயில் பொன்வேய்ந்த பெருமாள், சிதம்பரத்திலும் திருவரங்கத்திலும் பொன் வேய்ந்தவன்.

சோழர்களில் ராஜேந்திரன் என்ற பெயரைப் பாருங்கள். கங்கைகொண்டவன் முதலாம், கொப்பத்தில் முடிசூடியவன் இரண்டாம், 1246இல் வந்தவன் மூன்றாம் என்பது புத்தகக் கணக்கு. ஆனால் முதலாம் குலோத்துங்கனின் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகள் அவனை ராஜேந்திரன் என்கின்றன. கங்கைகொண்டவனின் மகள் வயிற்றுப் பேரன், தாத்தா பெயர் கொண்டவன், பிறகுதான் குலோத்துங்கன் ஆனான். ஆனைமேல் துஞ்சிய ராஜாதிராஜனும் விஜயராஜேந்திரன் என்று அழைத்துக்கொண்டவன். தாராசுரத்தில் கிடைத்த சாளுக்கியத் துவாரபாலகர் சிலையின் பீடத்தில், கல்யாணபுரத்தை எரித்து அதைக் கொண்டுவந்தவர் விஜயராஜேந்திர தேவர் என்றே பொறித்திருக்கிறது. இவர்களையும் எண்ணினால் மூன்றாம் ராஜேந்திரன் ஐந்தாம் ராஜேந்திரன் ஆகிவிடுவான். எண்ணவில்லை, அவ்வளவுதான். அரசிகளை யாரும் எண்ணியதே இல்லை. செம்பியன் மாதேவி என்ற பட்டத்தைக் கண்டராதித்தனின் தேவிக்குப் பின் வேறு அரசிகளும் தாங்கினார்கள், அவர்களில் இரண்டாம், மூன்றாம் யாரும் கிடையாது.

எண்ணை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பட்டங்களும் பொய் சொல்லும். ‘கோனேரின்மைகொண்டான்’ என்று தொடங்கும் அரசாணைகள் நிறைய. தனக்கு நிகரான அரசன் இல்லாதவன் என்று பொருள். அதைச் சோழரும் பாண்டியரும், ஒருவர் பின் ஒருவராக, போட்டுக்கொண்டார்கள். நிகரில்லாதவர்கள் அத்தனை பேர்! பெயர் இல்லாத அப்படி ஓர் ஆணை கிடைத்தால் யாருடையது என்று கண்டுபிடிக்கக் கல்வெட்டாய்வாளர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலாம் குலோத்துங்கன் காலத்திலிருந்து சோழர்கள் ‘திரிபுவனச் சக்கரவர்த்தி’கள் ஆனார்கள். நாடு சுருங்கச் சுருங்கப் பட்டம் சுருங்கவில்லை. 1231 வாக்கில் மூன்றாம் ராஜராஜனைச் சிறைபிடித்துச் சேந்தமங்கலத்தில் வைத்தான் கோப்பெருஞ்சிங்கன். அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’. மூவுலகுக்கும் அரசன், எல்லா உலகுக்கும் அரசனிடம் கைதி. கடைசியில் போசளப் படை வந்துதான் மீட்டது. அந்த மீட்புக் கதை திருவயிந்திரபுரம் கோயில் கல்வெட்டில் விரிவாக இருக்கிறது. இங்கிலாந்து மன்னர்கள் 1340 முதல் 1800 கடைசிவரை தங்களைப் பிரான்சின் அரசர் என்றும் அழைத்துக்கொண்டதை நினைத்தால் நம் சக்கரவர்த்திகள் அடக்கமானவர்கள்.

மூன்றாம் ராஜராஜனை அடுத்து வந்தவன்தான் அந்த மூன்றாம் ராஜேந்திரன். 1279க்குப் பிறகு அவன் ஆட்சியாண்டு சொல்லும் கல்வெட்டு இல்லை. பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் ஆட்சியாண்டுகள் சோழநாட்டுக் கோயில் சுவர்களில் ஏறிவிட்டன. அரிஞ்சயன் ஆற்றூரில் துஞ்சினான் என்று பொறிக்க ஒரு பேரன் இருந்தான். ராஜாதிராஜன் ஆனைமேல் துஞ்சினான் என்று நினைவில் வைக்க அவனுக்குப் பின்வந்தவர்கள் இருந்தார்கள். ராஜேந்திரன் துஞ்சிய ஊரைக் கல்லில் வெட்ட அவனுக்குப் பின் சோழன் யாரும் பட்டமேறவில்லை. அறுநூறு ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் அவன் பெயருக்கு முன்னால் ‘மூன்றாம்’ என்று எழுதினார்கள்.